ஓடம் வரும்வரை காத்திருந்த ஊர்
(ஆதரவாளர் கூடுகையில் பேசியது)



உங்களில் மாமல்லபுரத்தைப் பார்க்காதவர்கள் குறைவாகவே இருப்பீர்கள். சென்னையில் காலைப் பலகாரம் முடித்துப் பேருந்து ஏறினால், வெயில் ஏறுமுன் கடற்கரைக் கோயிலின் முன் நிற்கலாம். நூறு வருஷத்துக்கு முன் அப்படியில்லை. கடைசித் தூரத்தைப் படகிலோ கால்நடையாகவோதான் கடக்கவேண்டும்.

செங்கற்பட்டு இரயிலடியில் இறங்கி மாட்டுவண்டி பிடித்து, திருக்கழுக்குன்றம் வழியாக ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வந்தாலும் வண்டி ஊருக்குள் போகாது. குறுக்கே பக்கிங்காம் கால்வாய். கரையில் மூட்டையை இறக்கிவைத்து ஓடத்துக்குக் காத்திருக்கவேண்டும். சென்னையிலிருந்து நேரே வருவோர் கால்வாய்ப் படகில் ஏறினால் ஓர் இரவுப் பிரயாணம். காற்று இருந்தால் பாய். இல்லாவிட்டால் ஆட்கள் கரையில் நடந்து கயிற்றால் இழுப்பார்கள். 1806இல் வெட்டத் தொடங்கிய கால்வாய் அது. 1877-78 பஞ்சத்தின்போது சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை, கூலிக்கு வந்த பட்டினி ஜனங்கள் வெட்டினார்கள். பெயர் என்னவோ கவர்னருடையது.

கடல் வழியாக வரலாமே என்பீர்கள். இந்தக் கரையில் துறைமுகம் கிடையாது. ஆணி அடித்த படகு அலையில் மோதினால் பிளந்துபோகும். ஆகவே பலகைகளைக் கயிற்றால் தைத்து மசூலா படகு செய்தார்கள். அடி விழுந்தால் வளைந்து கொடுக்கும். மீன் பிடிக்கக் கட்டுமரம். இவற்றில் நோயாளியைப் படுக்கவைத்துக் கொண்டுபோக முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

மாமல்லபுரத்துக்காவது சிற்பம் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அதற்கு வடக்கிலும் தெற்கிலும், கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே மணலில் இருந்த மீனவர் குப்பங்களுக்கு யார் வந்தார்கள்? கூடையைத் தலையில் வைத்து மீன் விற்கப் போகும் பெண்கள்தான் வெளியுலகத்துக்குத் தொடர்பு. பிரசவம் சிக்கலானால் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு, சவுக்குத் தோப்புக்குள் கால் புதையப் புதைய நடந்து, கால்வாய்க் கரைக்கு வந்து ஓடக்காரரைக் கூவி அழைக்கவேண்டும்.

ஆனாலும் பிரசவம் ஒரு நாள் பாடு. வருஷக்கணக்கில் மருந்து சாப்பிடவேண்டிய வியாதி வந்தால்? இங்கேதான் தொழுநோயைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது.

செங்கற்பட்டுக்கு அருகே திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. 1955இல் மத்திய அரசு அதை ஏற்று ஆராய்ச்சி நிலையமாக்கியது. அங்கே டாக்டர் இராபர்ட் காக்ரேன் 1940களில் சல்போன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அதுவரை தொழுநோய்க்குச் சரியான மருந்தே இல்லை என்று சொல்லலாம். 1947இல் வேலூரிலிருந்து அவரைப் பார்க்க வந்தார் டாக்டர் பால் பிராண்ட். மடங்கிப்போன விரல்களுடைய ஒரு நோயாளியிடம் தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். பிடி இரும்பாக இருந்தது! விரல் மடங்கியிருந்தும் தசைகள் எல்லாம் சாகவில்லை என்று அவர் கண்டது அப்போதுதான். பிற்பாடு வேலூரில் தசைநாண்களை மாற்றித் தைத்து அப்படிப்பட்ட கைகளை நிமிர்த்தினார்.

ஒரு மீனவரின் கையை நினைத்துப் பாருங்கள். பலம் இருக்கிறது, வலி தெரியவில்லை. ஈர வலைக் கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போகும். அவர் இழுத்துக்கொண்டே இருப்பார். இரத்தத்தைக் கண்ணால் பார்த்தபிறகே தெரியும். காயம் புண்ணாகும், புண் எலும்புக்குப் போகும். விரல் குறைவது இப்படித்தான். வியாதி விரலைத் தின்பதில்லை.

மாத்திரை மலிவுதான். ஆனால் வருஷக்கணக்கில், சிலருக்கு ஆயுள் முழுவதும், தவறாமல் சாப்பிடவேண்டும். மணலில் நடந்து, ஓடம் ஏறி, பிறகு பேருந்தில் நடத்துனர் முகத்தையும் பார்த்துவிட்டு, மருந்து வாங்க எத்தனை தடவை ஒருவர் வருவார்? கடலில் மீன் படும் நாளில் வரவே மாட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை; அன்றைய வலை அன்றைய சோறு. இப்படி விட்டுவிட்டுச் சாப்பிட்டதும், ஒரே மருந்தை நம்பியிருந்ததும் சேர்ந்து, கிருமி மருந்துக்கு அடங்காமல் போயிற்று. 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைச் சிபாரிசு செய்தபின் ஆயுட்காலச் சிகிச்சை மாதக் கணக்குக்கு வந்தது.

வழியும் மாறிற்று. 1965, 1966ஆம் வருஷப் புயல்களில் கால்வாய் சிதைந்து படகுகள் குறைந்தன. 1990களின் இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, கடல் உள்வாங்கி மாமல்லபுரத்தில் பழைய கற்கள் தெரிந்ததைப் பத்திரிகைகள் எழுதின. குப்பத்து ஜனங்கள் படகையும் வலையையும் இழந்து நின்றார்கள்.

இப்போது சாலையிலிருந்து பார்த்தால் குப்பம் கிட்டத்தில்தான். 2005 இறுதியில் தேசிய அளவில் தொழுநோய் பத்தாயிரத்துக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே வந்துவிட்டது. ஆனாலும் புதிய நோயாளிகள் ஆண்டுதோறும் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். உணர்ச்சியற்ற வெளிறிய தேமலைச் சட்டைக்குள் மறைப்பவர் தானாகச் சாலைக்கு வரமாட்டார். அவருடைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்து, முதுகைக் காட்டச் சொல்லவேண்டும். சிகிச்சை இலவசம், 6 மாதம், தேமல் அதிகமானால் 12 மாதம்.