அணைந்து அணைந்து எழும் கம்ப்யூட்டர்

நவி மும்பை கோபர்கைரனேயில் மழைக்காலம் வந்தால் தாணே கழிமுகத்து ஈரக்காற்று வீட்டுக்குள்ளேயே குடிவந்துவிடும். துணி அலமாரியை விடாத காற்று கம்ப்யூட்டரை மட்டும் விடுமா? பிள்ளை பாடம் எழுதும்போதே திரை கறுத்து, பெட்டி தானாக மறுபடி எழும். உடனே 'வைரஸ்' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

அதற்கும் ஒரு பழைய கதை உண்டு. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு இணையம் வழியாக விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளுக்குள் புகுந்தது. திரையில் 60 விநாடி கெடு ஓடும், முடிந்ததும் ரீஸ்டார்ட். இன்று பெரும்பாலும் குற்றவாளி சூடு, மின்சாரம், மெமரி இவற்றில் ஒன்றுதான். பக்கத்து மகாபேயில் டேட்டா சென்டர்களுக்கு ஓயாமல் ஏசி ஓடுகிறது. நம் வீட்டுப் பெட்டிக்கோ மேஜைக்கு அடியில் ஒரு மூலை!

கேம் ஆடும்போது மட்டும் அணைந்தால் சூட்டையோ, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியையோ சந்தேகியுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்து மூடியைக் கழற்றினால், பிராசஸர் ஃபேனுக்கு அடியில், அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளிபோலப் படிந்திருக்கும். ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் தள்ளுங்கள். அடுத்தது மெமரி: ரேம் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற முனையைப் பென்சில் ரப்பரால் இலேசாகத் தேய்த்து, திரும்பச் செருகுங்கள். பல நேரம் அதிலேயே வம்பு தீர்ந்துவிடும்.

நீலத்திரை மின்னி மறைகிறதா? விண்டோஸில் தானாக ரீஸ்டார்ட் ஆகும் தேர்வை எடுத்துவிட்டால், பிழை எண் திரையிலேயே நிற்கும், குறித்துக்கொள்ளலாம்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும்.