வேலி எங்கே நிற்க வேண்டும்?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரயிலே ஓடாத தீவில் ஒரு ரயில்வே குமாஸ்தாவை மேடையேற்றி வேலியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ரயில்வேயில் தண்டவாளத்துக்கு அடுத்தபடி நாங்கள் காவல் காப்பது எல்லைக் கல்லை. கல் தரையில் ஓரிடத்திலும் நிலப்படத்தில் வேறிடத்திலும் இருந்துவிட்டால், அப்பன் தொடுத்த வழக்கைப் பேரன் நடத்துவான். அந்தச் சங்கதியைப் பார்த்துப் பழகிய தைரியத்தில்தான் நிற்கிறேன்.

நகராட்சியின் நிலப்பயன்பாட்டு விதிகளையும் கட்டிட விதிகளையும் காலத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டும் என்று பேச்சு எழும்போதெல்லாம், நம்மவர்கள் அது காண்டிராக்டர்களும் ஹோட்டல் முதலாளிகளும் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். "வேலிக்கு என்னங்க விதி, மூங்கிலை வெட்டி நட்டால் வேலி" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அவர் அப்படி நினைக்கலாம். விதி எழுதுகிறவர் அப்படி நினைப்பதில்லை. எந்த இடம் குடியிருப்பு, எந்த இடம் வியாபாரம், எந்த இடம் யாருமே கட்டக்கூடாத இடம் என்று கோடு போடுவதுதான் மண்டலப் பிரிப்பு. அந்தக் கோட்டைத் தரையில் கண்ணால் காட்டுவது வேலி. கையில் காகிதம் இல்லாதவனுக்கு வேலிதான் சாட்சி. அதே வேலிதான் அவனுக்கு எதிரான சாட்சியும்.

இந்த ஊருக்குக் கோடு போடுவது புதிதா என்ன? 1858-ல் வெள்ளைக்காரன் கைதிக் குடியிருப்பு போட்ட நாளிலேயே தொடங்கிவிட்டது. அதிகாரிகளுக்கு ராஸ் தீவு. விலங்கு மாட்டிய கைதிகளுக்கு வைப்பர் தீவு. லம்பா லைன், ஸ்கூல் லைன், தூத் லைன், டெய்ரி ஃபார்ம் என்று நாம் இன்றும் சொல்லும் பெயர்களைக் கேளுங்கள். யார் எங்கே இருக்க வேண்டும், எந்த இடத்தில் என்ன வேலை நடக்க வேண்டும் என்று மேலிருந்து தீர்மானித்த ஊர் இது. ராஸ் தீவின் பெயரை 2018-ல் மாற்றினார்கள். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. பெயர்ப்பலகை மாறியது, சரி. நிலத்தின் மீதான பிடி மாறியதா?

மாறவில்லை. 1966-ல் வந்த நில வருவாய் மற்றும் நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறைச் சட்டப்படி தீவுகளின் நிலம் மத்திய சர்க்காருக்குச் சொந்தம். நம்மில் வசதியாக இருப்பவர்கூட அனுபவ உரிமை பெற்ற குடிதான். அதிலும் விவசாயத்துக்கு, வீட்டுமனைக்கு, வியாபாரத்துக்கு என்று நிலம் ஒரு நோக்கத்துக்காகக் கொடுக்கப்படுகிறது. நோக்கத்தை மாற்ற வேண்டுமானால் 'டைவர்ஷன்' கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். ஆக இங்கே முதலில் வருவாய்த் துறை, பிறகு நகராட்சி, கடலோரமானால் கடலோர ஒழுங்குமுறை என்று மூன்று வேலிகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது. (நமக்கெல்லாம் முன்னால் இந்த மண்ணில் இருந்தவர்களுக்கு 1956 சட்டம் ஒதுக்கிய காடு தனி. அந்த எல்லையைத் தாண்டி நமக்கு ஒரு கோரிக்கையும் இருக்கக்கூடாது என்பது என் கருத்து.)

1957-ல் நகராட்சி போர்டு வந்தது. 1994 ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் அது கவுன்சிலாயிற்று. 1999-ல் கட்டிடத் துணைவிதிகள் வந்தன. அதன் பிறகு இந்த ஊருக்கு என்ன நேர்ந்தது? 2004 டிசம்பர் 26. கச்சாலில், இலங்கையிலிருந்து திரும்பி வந்து ரப்பர் தோட்டத்தில் உழைத்த நம் சனங்கள் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். இங்கே தெற்கு அந்தமானில் தரையே ஏறக்குறைய ஒரு மீட்டர் இறங்கியது. சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயலில் கடல் ஏறி நின்றது. கடலோர விதிகளோ உயர் அலைக் கோட்டிலிருந்துதான் அளக்கின்றன. நீங்கள் வேலியை நகர்த்தாவிட்டாலும் கடல் கோட்டை நகர்த்திவிட்டது.

2019-ல் மத்திய சர்க்கார் தீவுகளுக்கான கடலோர அறிவிக்கையைப் புதுப்பித்தது. நகர்ப்புறப் பகுதிக்கு அதில் சொல்லியிருப்பது என்னவென்றால், ஏற்கெனவே உள்ள சாலைக்கோ, ஏற்கெனவே உள்ள அனுமதி பெற்ற கட்டிடத்துக்கோ நிலப்பக்கத்தில்தான் புதிதாகக் கட்டலாம். 'அனுமதி பெற்ற' என்ற சொல்லைக் கவனியுங்கள். முப்பது வருஷமாக ஒரு குடும்பம் குடியிருக்கும் தகர வீடு அந்தக் கணக்கில் கட்டிடமே இல்லை. பக்கத்தில் எழும் மூன்று மாடி லாட்ஜ், அனுமதி வாங்கியிருந்தால், கட்டிடம்.

இப்போது வேலிக்கு வருகிறேன். இந்தியா முழுமைக்கும் வழிகாட்டியாக உள்ள தேசியக் கட்டிட நெறித்தொகுப்பு, முன்பக்கத் தெருவின் மையத்திலிருந்து அளந்து 1.5 மீட்டருக்கு மேல் காம்பவுண்டுச் சுவர் கூடாது என்கிறது. அதாவது சுமார் 5 அடி. மேல் 3 அடி கம்பியாகவோ கிராதியாகவோ திறந்திருந்தால் 8 அடி வரை போகலாம். தெரு முக்கில் உள்ள மனையானால், முக்கிலிருந்து இரு பக்கமும் 10 மீட்டர் தூரத்துக்கு இரண்டரை அடிதான். ஏன் இப்படி? வளைவில் திரும்பும் ஆட்டோக்காரனுக்கு எதிரே வரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை தெரிய வேண்டும், அவ்வளவுதான். இதில் எனக்குச் சண்டையே இல்லை. மேடும் பள்ளமுமான இந்த ஊரில் இதைவிட அவசியமான விதி கிடையாது.

எனக்குச் சண்டை வேறிடத்தில். விதி திருத்தும் இடங்களில் நகரத்தை 'அழகுபடுத்துகிறோம்' என்று சொல்லி, மூங்கிலும் தகரமும் கூடாது, பக்காச் சுவர்தான் எழுப்ப வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுவது உண்டு. அப்படி ஒரு வரி இங்கே வருமானால் நாம் எதிர்க்க வேண்டும். காசு இல்லை என்பது ஒரு காரணம்; அதைச் சொன்னால் நம்மைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள், அவ்வளவுதான். பெரிய காரணம் பூமிக்கு அடியில் இருக்கிறது. நில அதிர்வுத் தரநிலைகள், 2016 திருத்தம் வரை, அந்தமானை மிகக் கடுமையான ஐந்தாம் மண்டலத்தில் வைத்தன. 2002 செப்டம்பரில் டிக்லிபூர் அதிர்ந்தபோது பழைய மரவீடுகள் தாங்கி நின்றன. ஒழுங்காகக் கட்டாத காரை வீடுகளும் கான்கிரீட் கட்டிடங்களும் விரிசல் கண்டன. கம்பியில்லாமல் அடுக்கிய ஹாலோ பிளாக் சுவர் அதிர்ச்சியில் முதலில் சாயும், சந்தில் நடப்பவன் மேலேயே சாயும். மூங்கில் படல் சாய்ந்தால் மறுநாள் நிமிர்த்திக் கட்டலாம். கிளைரிசிடியா போத்தை நட்டு வளர்த்த உயிர்வேலி சரிவில் மண்ணையும் பிடித்துக்கொள்ளும். வருஷத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் மழை கொட்டும் ஊரில் அது சின்ன உதவியா? எனவே வேலியின் உயரத்துக்கு விதி போடுங்கள், வேலி நிற்கும் இடத்துக்கு விதி போடுங்கள், எதனால் செய்தது என்பதற்கு விதி போடாதீர்கள் என்று கேட்போம்.

வேலி நிற்கும் இடம் என்றேன். கைதட்டியவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நம் சந்துகளை நடந்து பார்த்தேன். ஒவ்வொரு மழைக்கும் பிறகு வேலியைப் புதுப்பிக்கிறோம். புதுப்பிக்கும்போது ஓரடி முன்னே போகிறது. எதிர்வீட்டுக்காரரும் சளைத்தவர் அல்ல. நடுவில் சாக்கடை செத்துப்போகிறது. தண்ணீர் மேல்வீட்டில் புகுந்து கீழ்வீட்டில் இறங்குகிறது. பிரசவ வலி எடுத்த பெண்ணை ஆம்புலன்ஸ் நிற்கும் மெயின் ரோடு வரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். இதையும் சர்க்கார் தலையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஓரடி சட்டத்திலும் நம்மைக் கவிழ்க்கும். 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைப்பும் உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது, முறைப்படி நோட்டீஸ் கொடுக்காமல் அப்புறப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பர் 13-ல் புல்டோசர் வழக்கில் இன்னும் விவரமாகச் சொன்னது. இடிப்பதற்கு முன் 15 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ் வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். கட்டிடத்திலும் ஒட்ட வேண்டும். பாதிக்கப்படுகிறவரை நேரில் விசாரிக்க வேண்டும். நல்ல தீர்ப்பு. ஆனால் அதிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. சாலை, தெரு, நடைபாதை, ரயில் பாதையை ஒட்டிய இடம், ஆறு, நீர்நிலை முதலிய பொது இடங்களில் அனுமதியின்றிக் கட்டியதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ரயில் பாதை இங்கே இல்லாததால் அந்த ஒரு தொல்லை மிச்சம்! மற்றவை எல்லாம் உண்டு. வீட்டுக்குள் இருக்கும்வரை 15 நாள் நமக்கு உரிமை. வேலி தெருவுக்குள் கால் வைத்த இடத்தில் அதை இழக்கிறோம். ஓரடி கொத்தமல்லிப் பாத்திக்காக அதைக் கொடுக்கலாமா?

மண்டலப் பிரிப்பில் நாம் கேட்க வேண்டிய இன்னொன்று பிழைப்பைப் பற்றியது. குடியிருப்பு மண்டலத்தில் வியாபாரம் கூடாது என்று ஒரே வரியில் எழுதினால், ஜன்னலைத் திறந்து இட்லி விற்கும் அம்மாவும், திண்ணையில் தையல் மெஷின் போட்ட பெண்ணும், பெட்டிக்கடை வைத்த மாற்றுத்திறனாளியும் ஒரே நாளில் குற்றவாளிகள். வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது. தலைநகர் டெல்லிக்கு 2007-ல் அறிவிக்கப்பட்ட மாஸ்டர் பிளான், குடியிருப்பு வீடுகளின் தரைத்தளத்தில் 20 சதுர மீட்டர் வரை சிறு கடைகள் நடத்த இடம் கொடுத்தது. காய்கறிக் கடை, மளிகை, தையல் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. டெல்லிக்காரனுக்குக் கொடுத்த 215 சதுர அடியைத் தீவுக்காரனுக்குக் கொடுக்க என்ன தடை? தெருவோர வியாபாரிகளுக்கு 2014 சட்டம் தனியாக இருக்கிறது. கணக்கெடுப்பு முடியும்வரை அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது என்பது அதில் உள்ள விதி. அதைப் பற்றி அபர்தீன் பஜார் தோழர்கள் அடுத்த மாதம் பேசுவார்கள்; நான் விட்டுவிடுகிறேன்.

தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல் 2500 சதுர அடி வரை உள்ள மனையில் 3500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர், சுயசான்று கொடுத்து ஆன்லைனிலேயே உடனே அனுமதி பெறுகிறார். இங்கேயும் சின்ன வீட்டுக்குச் சின்ன நடைமுறை கேட்கலாம். ஆனால் ஒன்று, சுயசான்றுக்கும் நிலக் காகிதம் வேண்டும். காகிதம் இல்லாதவருக்கு எந்தக் கம்ப்யூட்டரும் கதவு திறக்காது. அதனால்தான் நில உரிமைக் கோரிக்கையை விட்டுவிட்டு விதித் திருத்தத்தை மட்டும் பேசுவது அரைக் காரியம் என்கிறேன்.

விதியோ திட்டமோ திருத்தும்போது வரைவை வெளியிட்டு, ஆட்சேபணை சொல்ல நாள் குறிப்பார்கள். இங்கிலீஷிலும் இந்தியிலும் ஒரு நோட்டீஸ் எங்கோ பலகையில் தொங்கும். 2011 கணக்குப்படி இந்தத் தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள். தமிழில், வங்காளியில், தெலுங்கில் நோட்டீஸ் போடுங்கள் என்று இப்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். வரைவு வந்த பிறகு மொழிச் சண்டை போட்டால் நாள் போய்விடும்.

வேலைக்கு வருவோம். அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு சந்துக்கும் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், டேப்பை எடுத்துக்கொண்டு நடங்கள். சந்தின் அகலம், சாக்கடையின் அகலம், எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது, எத்தனை வீட்டில் கடை அல்லது கைத்தொழில், முக்கில் நிற்கும் வேலியின் உயரம், எல்லாவற்றையும் நோட்டில் குறியுங்கள். யார் வேலி எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று பெயர் போட்டு எழுத வேண்டாம், அது சந்துக்குள்ளேயே பேசித் தீர்த்து இழுத்துக் கட்ட வேண்டிய காரியம். சங்க நிர்வாகிகள் தங்கள் வேலியிலிருந்து தொடங்கட்டும். ஃபார்ம் எஃப் நகல் வைத்திருப்பவர்கள் வரைபடத்தோடு கொண்டு வாருங்கள். இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, பழைய வாக்காளர் அடையாளச் சீட்டு, கரண்டு பில், பிள்ளையின் முதல் பள்ளிச் சான்று என்று கையில் உள்ளதை வருஷ வரிசைப்படி அடுக்குங்கள். மனு இரண்டு பிரதி. ஒன்றை ஆபீசில் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். நானும் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவன்தான், அதனால் சொல்கிறேன்.