தராசு காட்டாத லாபம்

(நமது அறக்கட்டளை நடத்திய இலவச சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை முகாமின் நிறைவில் செயலாளர் ஆற்றிய உரை)

 

காலையிலிருந்து வரிசையில் பொறுமையாக நின்று சர்க்கரையும் பிரஷரும் பார்த்துக்கொண்டீர்கள். அல்ஹம்துலில்லாஹ். சீட்டை வாங்கிய பலரிடம் டாக்டர், "தினமும் நடங்கள்" என்றார். வெளியே வந்ததும் பலர் நம்மிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "ஆறு மாதம் நடந்து பார்த்தாச்சு. ஒரு கிலோகூடக் குறையவில்லை. அப்புறம் எதற்கு நடக்கணும்?" நமது நடைக்குழுவிலிருந்து பாதியில் நின்றுபோனவர்களும் இதையேதான் சொன்னார்கள். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

எடை குறைய வேண்டுமானால் முதலில் தட்டைத்தான் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் நடந்து செலவழித்த சக்தியை ஒரு டீயும் இரண்டு சமோசாவும் ஐந்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். எனவே முள் நகரவில்லை என்பதற்காக நடை வீணாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். நடையின் லாபம் வேறு கணக்கில் சேருகிறது.

லண்டன் மாநகரப் பேருந்துகளில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் ஓர் ஆய்வு செய்து 1953இல் வெளியிட்டார். அவை மாடிப் பேருந்துகள். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குவார். இருவரும் ஒரே நிறுவனம், ஒரே ஊர். ஆனாலும் மாரடைப்பு டிரைவர்களுக்கே அதிகம் வந்தது. டிரைவர்கள் பருமனாக இருந்ததுதான் காரணமோ என்று சந்தேகம் வந்தது. சீருடைக் கால்சட்டையின் இடுப்பளவை வைத்துக்கூடப் பார்த்தார்கள். ஒல்லியானவரோ தடித்தவரோ, கண்டக்டருக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது.

அது வெள்ளைக்காரர்கள் கதை என்பீர்கள். நம் சென்னைக்கு வருவோம். டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக்கி மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். அதில் 100க்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. இன்னொரு பிரிவினர் உணவில் கட்டுப்பாட்டோடு தினமும் அரை மணி நேரம் நடந்தார்கள். அதில் 100க்கு 39 பேருக்குத்தான் வந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது, இரண்டாம் பிரிவினரின் எடை குறிப்பிடும்படி குறையவில்லை. தராசு அசையவில்லை, நோய் தள்ளிப்போனது.

இது எப்படி? தசை வேலை செய்யும்போது ரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்கிறது. அப்போது இன்சுலின் குறைவாக இருந்தாலும் இது நடக்கும். நடந்து முடித்த பிறகும் ஒன்றிரண்டு நாள் இன்சுலின் நன்றாக வேலை செய்யும். அதற்குப் பின் அந்தப் பலன் தேய்ந்துவிடும். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நடப்பதைவிட தினமும் அரை மணி நேரம் மேல். அதோடு ரத்த அழுத்தம் இறங்குகிறது, தூக்கம் ஆழமாகிறது, மனச்சோர்வும் பதற்றமும் தணிகின்றன. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் உம்மா, வாப்பாமார்களுக்கு இந்தக் கடைசி லாபம் சிறியதல்ல.

இன்னொன்று. நம் பள்ளிவாசலின் ஓரத்தில் நாற்காலிகள் கூடிக்கொண்டே வருகின்றன. நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை அது. யாரும் கூச்சப்பட வேண்டாம். ஆனால் ஐம்பது வயதிலேயே ஸஜ்தாவுக்குக் குனிய முடியாமல் போவது பலருக்கு மனவருத்தம் தருகிறது. தொடைத் தசை வலுவாக இருந்தால் மூட்டின் சுமை குறையும், வலியும் குறையும். "ஐவேளைத் தொழுகையே உடற்பயிற்சிதானே" என்று சிலர் சொல்வார்கள். தொழுகை இபாதத். அதை நிலத்தில் நெற்றி வைத்துக் கடைசிவரை தொழுவதற்கான பலத்தைத் தேடுவது நம் வேலை. வீட்டில் சுவரோரம் நாற்காலியைப் போட்டு, கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். முடியாதவர் ஊன்றியே தொடங்கலாம். வயதானவர்கள் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதையும் இத்தகைய பயிற்சி குறைக்கும்.

எவ்வளவு போதும்? உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு, வாரம் குறைந்தது 150 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம். தசை வலுவுக்கு வாரம் இரண்டு நாள். மொத்தமாக முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்கு பைக்கில் வருகிறோமே, அதை நடந்து வந்தாலே கணக்கு தொடங்கிவிடும்.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுத் தொடங்குங்கள். சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். காலில் மரமரப்பு உள்ளவர்கள் செருப்பின்றி நடக்காதீர்கள். வீடு திரும்பியதும் பாதத்தைப் பாருங்கள். நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நின்று மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாகப் பெண்களைப் பற்றி. "வீட்டு வேலையே போதும்" என்று அவர்களுக்காக ஆண்கள்தான் பதில் சொல்கிறோம். வீட்டு வேலை உடலைக் களைப்பாக்கும். ஆனால் மூச்சு சற்று வாங்க, தொடர்ந்து அரை மணி நேரம் நடப்பதற்கு அது ஈடாகாது. தாய்மார்கள் சொல்லும் உண்மையான தடை இரண்டு: நேரமில்லை, இடமில்லை. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள் என்பதை நாம் மதரஸாவிலேயே படித்திருக்கிறோம். அந்த சுன்னத்தும் நம் நினைவில் இருக்கட்டும்.

இடத்துக்கு நிர்வாகக் குழு ஒரு முடிவெடுத்திருக்கிறது. வரும் திங்கள் முதல், பஜ்ருக்குப் பிறகு காலை 7 மணி வரை நமது திருமண மண்டப மைதானம் பெண்களுக்கு மட்டும். சகோதரர்கள் அந்த நேரத்தில் அங்கே வண்டி நிறுத்த வேண்டாம். நேரத்துக்கு நிர்வாகம் முடிவெடுக்க முடியாது. ஒவ்வொரு வீட்டு ஆணும்தான் எடுக்க வேண்டும். அந்த அரை மணி நேரம் டீ போடுவதும், பிள்ளைகளை எழுப்பிப் பள்ளிக்குத் தயார் செய்வதும் நம் பொறுப்பாகட்டும்.

டயாலிசிஸ் உதவி கேட்டு அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் பெரும்பாலும் சர்க்கரையும் பிரஷரும்தான் காரணமாக எழுதப்பட்டிருக்கின்றன. உதவியை நிறுத்த மாட்டோம், இன்ஷா அல்லாஹ். ஆனால் அந்த மனு எழுத வேண்டிய நிலை உங்கள் வீட்டுக்கு வரக்கூடாது என்பதே எங்கள் துஆ. மூன்று மாதம் கழித்து இதே இடத்தில் மறுபடி பரிசோதனை வைக்கிறோம். இன்றைய சீட்டைப் பத்திரமாக வைத்து, அன்று கொண்டு வாருங்கள். எடையை விடுங்கள், சர்க்கரையையும் பிரஷரையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.