வெளியிலிருந்து வரும் இணைப்பும் மடிக்கணினியும்

அலுவலகம் அளித்த மடிக்கணினியிலிருந்து உலகெங்கும் செய்தி அனுப்ப இயலும். அதனைத் தேடி அடுத்த அறைக் கணினி வருங்கால் மட்டும் கதவு அடைபட்டிருக்கும். பிற மாநிலங்களில் வாழ்ந்து, வீட்டிலிருந்தே பணிபுரியும் தமிழர் பலர்க்கு இத்தொல்லை புதிதன்று.

காரணம் ஃபயர்வால். இதனைத் தீச்சுவர் என்று பெயர்த்தோர் உளர். பிழையன்று, ஆயினும் தீயால் ஆகிய சுவரென மயங்க இடமுண்டு. ஒரு கட்டடத்துத் தீ மற்றொன்றிற்குப் பரவாது தடுக்கும் சுவர் என்பதே மூலப்பொருள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதனைச் சொல்லாது மேற்செல்ல மனம் வரவில்லை.

விண்டோஸ் கணினியின் இயல்பான விதி இது. உள்ளிருந்து எழும் இணைப்பிற்கும், அதற்குரிய மறுமொழிக்கும் வழியுண்டு. வெளியிலிருந்து தானே எழுந்து வருவது, அனுமதி விதி இல்லையேல், வாயிலிலேயே நின்றுவிடும்.

1956 நவம்பர் 1இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அப்பக்கத்துத் தமிழர் இடம்பெயராமலே வெளிமாநிலத் தமிழராயினர். அங்கே, மலையடிவாரத்து அம்பூரியில், நம் நண்பர் ஒருவர் மாலைக்குள் ஒரு மொழிபெயர்ப்பை முடிக்க வேண்டியிருந்தது. கலைச்சொற் கோப்பு அலுவலக மடிக்கணினியில். தட்டெழுதியதோ வேறொரு கணினியில். அலுவலகத்தில் எட்டிய கோப்பு வீட்டில் எட்டவில்லை. ஃபயர்வாலையே முழுதும் அணைத்துவிட அவர் துணிந்தார். நாம் தடுத்தோம்.

2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்னும் புழுநிரல் 135ஆம் போர்ட்டின் வழியே கணினிகளுள் நுழைந்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த எக்ஸ்பி இரண்டாம் சர்வீஸ் பேக்கில்தான் ஃபயர்வால் தொடக்கத்திலேயே இயங்குமாறு அமைக்கப்பட்டது. 2017 மே மாதத்தில் வான்னாகிரை 445ஆம் போர்ட்டின் வழியே பரவியபோது பிரிட்டிஷ் மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. கோப்புப் பகிர்விற்கு உரியதும் அந்த 445ஆம் போர்ட்டே என்பதை நேயர்கள் நோக்குக.

விண்டோஸ் வலைப்பின்னல்களை டொமைன், பிரைவேட், பப்ளிக் என மூவகையாகக் கொண்டு, வகைக்கொரு விதி வைத்துள்ளது. நண்பரின் வீட்டு வலைப்பின்னல் பப்ளிக் என்று குறிக்கப்பட்டிருந்தது. அதனைப் பிரைவேட் என மாற்றி, கோப்புப் பகிர்வை அவ்வகைக்கு மட்டும் அனுமதித்ததும் கோப்பு திறந்தது. சொந்த வீட்டிற்கு இது தகும்; இரயில் நிலையத்திலும் விடுதியிலும் பப்ளிக்காகவே இருத்தல் வேண்டும்.

எல்லார்க்கும் இத்துணை எளிதில் தீராது. குறித்த நிரல் இணைப்பை எதிர்நோக்கியிருக்கிறதா என்பதை முதலில் காண்க. நெட்ஸ்டாட் ஆணையின் பட்டியலில் லிசனிங் எனத் தோன்றும். அம்முகவரி 127.0.0.1 ஆயின், நிரல் தன் கணினியின் குரலையன்றிப் பிறிதைக் கேளாது. ஃபயர்வாலைப் பழிப்பதில் பயனில்லை. பிங் ஆணைக்கு விடை வாராமையும் சான்றாகாது. அதனை மட்டும் தடுப்பதும் உண்டு. பின்னர் விதிகளை நோக்குக. நிரல் முதன்முதல் அனுமதி கேட்டபோது வேண்டாமென ஒதுக்கியிருப்பின், ஒரு தடைவிதி எழுதப்பட்டிருக்கும். அனுமதி விதியும் தடைவிதியும் முரணினால் பொதுவில் தடையே வெல்லும். தடையை நீக்கி, வேண்டிய போர்ட்டிற்கு, வீட்டு முகவரிகளுக்கு மட்டும் வழிவிடுக.

அலுவலகக் கணினியில் நிருவாகியின் கொள்கை மேலோங்கி நிற்கலாம். நாம் எழுதிய விதி பட்டியலில் தோன்றியும் செயற்படாது. அந்நிலையில் நிரலின் பெயர், போர்ட் எண், எம்முகவரியிலிருந்து இணைப்பு வரும் என்னும் மூன்றனையும் எழுதி அவரையே கேட்டல் வேண்டும். ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதும் கடிதம் பெரும்பாலும் ஒரு கேள்வியோடு திரும்பி வரும்.