கூடையும் மதிலும்



தொழுநோயுற்ற கணவனைக் கூடையிலே சுமந்து சென்ற நளாயினியை நாம் அறிவோம். மாத்தளையில் நான் தமிழ் படிப்பிக்கும் வகுப்பிலும் இக்கதையைக் கற்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. ஒருமுறை மாணவி ஒருத்தி கேட்டாள்: "சேர், நளாயினிக்கு அந்த நோய் வந்திருந்தால் அவளை யார் சுமந்திருப்பார்கள்?"

கதையிலே அதற்கு விடையில்லை. வரலாறு தரும் விடையோ கசப்பானது. அங்கே கூடை இல்லை, மதில்தான் உண்டு.

ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தலையில் தொழுநோயாளருக்கென ஓர் இல்லம் அமைத்தனர். 1901ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் நோயாளரைப் பிரித்துவைக்க அதிகாரம் அளித்தது. பின்னர் மட்டக்களப்பு வாவியின் மாந்தீவிலும் ஒரு மருத்துவமனை எழுந்தது. நோயாளி ஒருவர் உள்ளே போனால், வாழ்க்கைத் துணை வெளியே நின்றது.

ஜப்பானில் நடந்தது இன்னும் கொடியது. அங்கே காப்பகத்தினுள் நோயாளர் ஒருவரையொருவர் மணக்கலாம். ஆனால் பிள்ளை பெறக்கூடாது. 1915 முதல் ஆண்களுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தனர். மணமான பின்னும் பலருக்குத் தனிவீடு கிடைக்கவில்லை. பல பெண்கள் படுத்திருக்கும் பொது அறைக்கே கணவன் இரவிலே வந்து, விடியுமுன் திரும்பினான்.

இருந்தும் அவர்கள் மணந்தார்கள். ஒருவருக்குப் பார்வை போயிருக்கும். மற்றவருக்கு விரல்கள் மழுங்கியிருக்கும். ஒருவர் கண்ணாகவும் மற்றவர் கையாகவும் முதுமைவரை வாழ்ந்தார்கள். இறந்தபின் பலரது அஸ்தியை உறவினர் ஏற்கவில்லை. காப்பக மண்டபங்களே அவற்றுக்கு இடமளித்தன. அந்தச் சட்டம் நீங்கியது 1996இல்தான். 2001இல் நீதிமன்றம் அரசின் தவற்றைத் தீர்ப்பாக எழுதியது.

மாணவியின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. இருவரும் நோயுற்றபோது இருவரும் ஒருவரையொருவர் சுமந்தார்கள். இதிலே தெய்வமுமில்லை, வரமுமில்லை. நளாயினியின் அன்புக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று.

இன்று தொழுநோய் மருந்தால் முற்றாக மாறும் நோய். ஆயினும் இந்தியாவிலே அது மணவிலக்குக்குரிய காரணம் என்ற நிலை 2019இல்தான் மாறியது. மருந்து வந்த வேகத்தில் மனம் வரவில்லை.

எங்கள் மாவட்டத்திலும் வலது குறைந்த பிள்ளையின் கலியாணப் பேச்சு எழுந்தால், "அதுக்கு எதற்கு?" என்று மூடிவிடுகிறோம். சோறும் மருந்தும் கொடுத்தால் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். நேயர்களே, மதில் எழுப்பச் சட்டம் தேவையில்லை. அந்த ஒரு சொல்லே போதும்.