குடவோலையும் கணிப்பொறியும்



கொல்லிமலை அடிவாரத்துப் பேளுக்குறிச்சி என்றவுடன், மிளகும் சீரகமும் குவிந்து கிடக்கும் வாரச் சந்தைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். மூட்டையின் தரத்தை அறிய விரும்புவோர் மேலாகக் கிடக்கும் மிளகை மட்டும் நோக்கித் திருப்தியடைவதில்லை. கையை உள்ளே விட்டு, அகப்பட்டதை அள்ளிப் பார்ப்பர். பொறுக்கி எடுக்காமல் எடுப்பதே நேர்மையான தேர்வு என்பது இதன் உட்பொருள்.

இவ்வுண்மையை நம் முன்னோர் அரசியலிலும் கையாண்டனர். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவை. தகுதியுடையோரின் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டுக் குலைப்பர். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓர் ஓலையை எடுப்பான். அதனை ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்குவர். எத்துணை எச்சரிக்கை பாருங்கள்! அடுத்து வருவது எது என்பதை எவரும் முன்கூட்டி அறியலாகாது என்பதே அதன் நோக்கம்.

கணிப்பொறியிடம் இப்பணியை ஒப்படைத்தால் என்ன நேரும்? 'எட்டு எழுத்துகளைத் தற்செயலாகக் கோத்துத் தா' என்று ஒரு நிரல் எழுதுகிறோம் என்று கொள்வோம். ஆங்கிலச் சிற்றெழுத்துகள் 26. எட்டு இடங்களுக்கும் 26-ஐ எட்டு முறை பெருக்கினால், ஏறத்தாழ 20,882 கோடி கோவைகள் கிடைக்கும். தமிழிலோ நான்கே இடங்களில், 247 எழுத்துகளைக் கொண்டு, 372 கோடிக்கு மேற்பட்ட கோவைகள் அமையும்.

ஆயினும் தமிழுக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. யூனிக்கோடு முறையில் 'கோ' என்பது ஓரெழுத்தன்று. ககரமும் ஓகாரக் குறியுமாக இரு குறியீடுகள். குறியீடுகளைத் தனித்தனியே குலுக்கி எடுத்தால், மெய்யின்றிக் கொம்பும் காலும் அநாதையாக நிற்கும். ஆகவே 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247-ஐயும் முழுமையான எழுத்துகளாகப் பட்டியலிட்டு, அப்பட்டியலிலிருந்தே எடுத்தல் வேண்டும்.

இனி, குடத்தைக் குலுக்கும் கை யாருடையது என்று கேட்போம். பைத்தான் மொழியின் 'ரேண்டம்' என்னும் பகுதி, 1997-இல் ஜப்பானிய அறிஞர் இருவர் அமைத்த 'மெர்சென் டுவிஸ்டர்' என்ற கணக்கு முறையைக் கொண்டது. அது சீரற்றது போலத் தோன்றினும், கணக்கே ஆதலால், தொடர்ந்து 624 எண்களைக் கண்டவர் அடுத்ததைச் சொல்லிவிடலாம். விளையாட்டுக்கு அது போதும். உங்கள் உதவித்தொகை வந்து சேரும் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லுக்குப் போதாது. அதற்கென்றே 2016-இல் வெளிவந்த பைத்தான் 3.6-இல் 'சீக்ரெட்ஸ்' என்னும் பகுதி சேர்க்கப்பட்டது. அது இயக்குதளம் திரட்டித் தரும், முன்னறிய இயலாத எண்களைப் பயன்படுத்துகிறது.

பிறந்த நாளையும் ஊர்ப் பெயரையும் கடவுச்சொல்லாக வைப்பது, உள்ளே இருப்பதைப் படித்துப் பார்த்து ஓலை எடுப்பதற்கு ஒப்பாகும். குடத்தைக் குலைத்தபின் எடுங்கள், அதுவே காவல்.