ஊர்ப் பணம் ஊரில் விளையட்டும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது நம் மூன்றாவது தெருப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "அங்கிள், இத்தனை வருஷம் பேங்க்ல இருந்தீங்களே, என்னை மாதிரி புதுசா தொழில் ஆரம்பிக்கிறவங்களுக்கு ஏன் லோன் தர யோசிக்கிறாங்க?" அவள் வேலையை விட்டுவிட்டு, தோழியோடு சேர்ந்து, மதுரை மல்லிகை இரண்டு நாள் வாடாமல் வெளியூர் போய்ச் சேர ஒரு பெட்டி செய்துகொண்டிருக்கிறாள். டீ ஆறுவதற்குள் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் செயலாளர் இன்று எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்.

நான் பி.காம். படித்தவன். 1982ல் கிளார்க்காகச் சேர்ந்து 2019ல் கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த கணக்கிலேயே சொல்கிறேன்.

ஒரு வங்கி பத்து பேருக்கு ஆளுக்குப் பத்து லட்சம், 12 சதவீத வட்டியில் கொடுக்கிறது என்று வையுங்கள். மொத்தம் ஒரு கோடி. அதில் ஒருவர் மட்டும் முழுகிப்போகிறார். மற்ற ஒன்பது பேரிடமிருந்து வருகிற ஒரு வருட வட்டி 10 லட்சத்து 80 ஆயிரம். போன அசல் 10 லட்சம். மீதி 80 ஆயிரம். ஆனால் அந்த ஒரு கோடியும் உங்களையும் என்னையும் போன்றவர்கள் போட்ட டெபாசிட். அதற்கு 7 சதவீதம் என்றாலும் 7 லட்சம் வட்டி தரவேண்டும். ஆக 6 லட்சத்து 20 ஆயிரம் நஷ்டம். பத்தில் ஒருவர் விழுந்தாலே வங்கிக்கு இந்தக் கதி. புதுத் தொழிலிலோ பத்தில் பாதிக்கு மேல் விழுந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. முத்ரா போன்ற ஈடில்லாத கடன்கள் இப்போது உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் கடன் கடன்தான். பெட்டி விற்றாலும் விற்காவிட்டாலும் தவணை தேதி வந்துவிடும்.

அப்படியானால் இவர்களுக்கு வேண்டியது கடன் அல்ல, பங்கு முதல். லாபம் வந்தால் பங்கு, நஷ்டம் வந்தால் அதிலும் பங்கு. அதே பத்து பேரில் ஒரு முதலாளி ஆளுக்குப் பத்து லட்சம் போடுகிறார். ஆறு பேர் விழுந்துவிட்டார்கள். மூன்று பேரிடம் போட்டது மட்டும் திரும்பி வந்தது, 30 லட்சம். ஒருவருடைய கம்பெனியில் இவருடைய பங்கு பதினைந்து மடங்காகிவிட்டது, 150 லட்சம். மொத்தம் ஒரு கோடியே 80 லட்சம். வங்கியால் தாங்க முடியாததை இவரால் தாங்க முடிகிறது. ஆனால் எல்லோருக்கும் அந்தப் பதினைந்து மடங்கு கிடைக்கும் என்று சொல்லவரவில்லை. கிடைக்காவிட்டாலும் சாப்பாட்டுக்குக் குறைவில்லாதவர்தான் இதில் இறங்கவேண்டும்.

இது அமெரிக்காவிலிருந்து வந்த புது வழக்கம் என்று நினைக்காதீர்கள். 1906ல் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது முதல் எவ்வளவு? 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்குகள். அதில் 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு, வணிகர் ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே வாங்கினார். மொத்த முதலில் ஐந்தில் ஒரு பங்கு! நம் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அந்தக் கம்பெனிக்குத் தலைவராக இருந்தார். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து நெருக்கியது, 1908ல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911ல் கம்பெனி கலைக்கப்பட்டது. பணமாகப் பார்த்தால் நஷ்டம். ஆனால் அந்தப் பங்குதாரர்களை ஏமாந்தவர்கள் என்று இன்று யாராவது சொல்கிறோமா?

நம் காலத்துக்கு வருவோம். சென்னையில் 2007 முதலே 'தி சென்னை ஏஞ்சல்ஸ்' என்ற பெயரில் தொழிலதிபர்கள் கூடிப் புது நிறுவனங்களில் முதலீடு செய்கிறார்கள். நம் மதுரையிலேயே 'நேட்டிவ்லீட்' என்ற அமைப்பு உருவாகி, சிறு நகரங்களில் தொழில் தொடங்குகிறவர்களையும் அந்தந்த ஊர்த் தொழிலதிபர்களையும் சேர்த்துவைக்கிற வேலையைச் செய்தது. திருச்சிக்காரரான கிரீஷ் மாத்ருபூதம் 2010ல் சென்னையில் தொடங்கிய நிறுவனம், 2021ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது. அவரும் நண்பர்களோடு சேர்ந்து ஒரு நிதி அமைத்து, அடுத்து வருகிற இளைஞர்களின் கம்பெனிகளில் பணம் போடுகிறார். ஏறியவர் ஏணியை எடுத்துவிடவில்லை.

இனி நானே பார்த்த ஒன்று. 1990களின் தொடக்கம், தென் மாவட்டத்தில் ஒரு சிறு ஊர்க் கிளை. டிப்ளமோ படித்த பையன் ஒருவன், சிறு விவசாயிக்கு ஏற்ற அளவில் நிலக்கடலை உடைக்கும் இயந்திரம் செய்யக் கடன் கேட்டு வந்தான். அடமானம் வைக்க எதுவும் இல்லை. விண்ணப்பம் திரும்பியது. அந்தக் கடிதத்தை டைப் அடித்தவன் நான். அவன் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது, எங்கள் வாடிக்கையாளரான எண்ணெய் ஆலை முதலாளி பார்த்து விசாரித்தார். 40,000 ரூபாய் போட்டு, தன் ஆலையில் ஒரு மூலையையும் கொடுத்தார். முதல் இயந்திரத்தையும் அவரே வாங்கிக்கொண்டார்.

இரண்டு வருடத்தில் வெளியூரிலிருந்து விலை குறைந்த இயந்திரம் வந்து, பையன் தொழிலை மூடவேண்டியதாயிற்று. "நாங்கதான் அன்னைக்கே சொன்னோமே" என்றார் எங்கள் மேலாளர். அதற்கு அந்த முதலாளி சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "நாப்பதாயிரம் போச்சுதான் சார். ஆனா இப்ப என் ஆலை மெஷின் எல்லாத்தையும் அவன்தான் பாக்குறான். போட்ட நாப்பதாயிரத்துக்கு அவன் ஒழுங்கா கணக்கு எழுதி வெச்சிருந்தான், அது போதும்." நான் மாற்றலாகிப் போகும்போது அந்தப் பையன் தனியாக ஒரு பட்டறை வைத்து ஆறு பேருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தான்.

நான் அடித்த கடிதம் விதிப்படி சரி. ஆனால் அந்த ஊரில் அவரும் ஒருவர் இருந்ததால்தான் அந்தப் பையன் ஊரைவிட்டுப் போகவில்லை.

உள்ளூர் முதலீட்டின் பலம் இதுதான். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் வியாபாரிக்குத் தெரிந்த அளவு, மல்லிகை எந்த நேரத்தில் வாடும் என்று மும்பை முதலீட்டாளருக்குத் தெரியுமா? அவர் பணத்தோடு, முதல் ஆர்டரும் நாலு பேர் அறிமுகமும் கொடுப்பார். உள்ளூர் என்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. "நம்ம பையன்தானே" என்று வாய்ப்பேச்சில் கொடுத்துவிட்டு, பிறகு கோவில் வாசலில் முகத்தைத் திருப்பிக்கொள்வது. ஆகவே கம்பெனியாகப் பதிவு செய்யுங்கள், பங்குப் பத்திரம் வாங்குங்கள், எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள்.

என்னைப் போன்ற ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பி.எஃப். பணத்தையும் கிராஜுவிட்டியையும் இதில் போடாதீர்கள். "மாதம் இத்தனை சதவீதம் நிச்சயம்" என்று ஒருவர் சொன்னால் அவர் நடத்துவது ஸ்டார்ட்அப் அல்ல. அப்படி ஏமாந்தவர்களுக்காகத்தான் தமிழ்நாட்டில் 1997லேயே முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

நம் குடியிருப்பில் இருக்கும் தொழிலதிபர்களுக்கு மூன்று வேண்டுகோள். முதலாவது, போனாலும் பரவாயில்லை என்கிற அளவு பணத்தை ஒதுக்கி, உங்களுக்குத் தெரிந்த தொழிலில் ஒரு இளைஞரைத் தேர்ந்தெடுங்கள். புது நிறுவனங்களை வாட்டிய 'ஏஞ்சல் வரி'யை 2024 பட்ஜெட்டில் நீக்கிவிட்டார்கள் என்பது கூடுதல் செய்தி. இரண்டாவது, முதலீடு செய்ய மனமில்லையா, முதல் வாடிக்கையாளராக இருங்கள். மூன்றாவது, வாங்கிய பொருளுக்குப் பணத்தைக் காலத்தில் கொடுங்கள். பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள் என்பது சட்டம். பில் தொகை நிலுவையில் நின்றே மூச்சு முட்டிப்போன நல்ல தொழில்களை என் கவுன்டரிலிருந்து நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாகச் சங்கத்துக்கு. நம் சமுதாயக் கூடம் வார நாட்களில் பூட்டியே கிடக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை அதைத் திறந்து, நம் இளைஞர்கள் தங்கள் பொருளைக் காட்டவும், நம் வியாபாரிகள் வந்து குறை நிறை சொல்லவும் ஏற்பாடு செய்யலாமே. கணக்குப் புத்தகம் எழுதக் கற்றுக்கொடுக்க நான் வருகிறேன், கட்டணம் ஒரு டம்ளர் டீ.

முதல் சனிக்கிழமைக்கு அந்த மல்லிகைப் பெட்டியே வரட்டும்.